தேனீயின் பாதையில் கிடக்கும் தடைகள்

 

அல்குர்ஆனின் பதினாறாவது அத்தியாயம் தேனீயின் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஸூரத்துந் நஹ்ல் என்னும் அந்த அத்தியாயம் 128 வசனங்களைக் கொண்டது. அவற்றுள் 68ஆம், 69ஆம் வசனங்கள் மாத்திரமே தேனீயைப் பற்றிப் பேசுகின்றன. ஆயினும் அந்த இரு வசனங்களுக்குள் தேனீயின் வாழ்வு முழுவதும் அடங்கிவிடுகிறது. அது எங்கே வீடு கட்ட வேண்டும், எதை உண்ண வேண்டும், எந்தப் பாதைகளில் செல்ல வேண்டும், அதனிடமிருந்து மனிதனுக்குக் கிடைப்பது யாது என்ற நான்கு செய்திகளும் அங்கே ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன.

தேனீயின் வீடுகளாக அவ்வசனம் மூன்று இடங்களைக் குறிப்பிடுகிறது. மலைகள், மரங்கள், மனிதர் அமைத்துக் கொடுப்பவை என்பனவே அவை. இம்மூன்றையும் ஒரே மாகாணத்தில் கண்ணாற் காணும் பேறு ஊவா மக்களாகிய நமக்கு வாய்த்திருக்கிறது. பதுளைக்கும் பசறைக்கும் மேலாக 2,000 மீற்றருக்கும் அதிகமாக உயர்ந்து நிற்கும் நமுனுகுல மலைத்தொடரின் பாறை முகடுகளிலும் உயர்ந்த மரக் கொப்புகளிலும் பெரிய ஒற்றை அடையாகத் தொங்குவது மலைத்தேனீ. சிங்களச் சகோதரர்கள் அதனைப் பம்பரா என்பர். மரப்பொந்துகளுக்குள் அடுக்கடுக்காக அடை கட்டுவது நாம் தேன் எடுக்கும் சிறிய தேனீ. அதே தேனீயைப் பெட்டிகளில் வளர்ப்பதற்கு வழிகாட்டும் விவசாயத் திணைக்களத்தின் தேனீ அபிவிருத்திப் பிரிவு அமைந்திருப்பதும் நமது பண்டாரவளை, பிந்துனுவெவயிலேயே ஆகும்.

வீட்டைப் பற்றியும் தேனைப் பற்றியும் நமது மேடைகளில் அடிக்கடி பேசப்படுகிறது. இடையில் வரும் பாதையைப் பற்றி நாம் அதிகம் பேசுவதில்லை. தேனீ தன் உணவைத் தேடிச் செல்லும் பாதைகளை இறைவன் அதற்கு எளிதாக்கி வைத்திருப்பதாக அவ்வசனம் உணர்த்துகிறது. இறைவன் எளிதாக்கிய அந்தப் பாதைகளில் இன்று தடைகள் கிடக்கின்றன. அவற்றைப் போட்டவர்கள் யார், அகற்ற வேண்டியவர்கள் யார் என்பதே இன்றைய உரையின் பொருளாகும்.

நேயர்களே! தேனீயின் பாதை என்பது யாது? மண்ணில் போடப்பட்ட வீதி அதற்கு இல்லை. காற்றில் மிதந்து வரும் பூவின் வாசனையும், பூவின் நிறமும், சூரியன் நிற்கும் திசையும், வழியில் கண்ட மரமும் பாறையும் சேர்ந்துதான் அதன் பாதையாகின்றன. இவை அனைத்தையும் ஏறத்தாழப் பத்து இலட்சம் நரம்புக் கலங்களே கொண்ட ஒரு கடுகளவு மூளையில் அது பதித்து வைத்துக்கொள்கிறது. இன்று காலை எந்தப் பூவில் தேன் இருந்தது என்பதை அதன் வாசனையோடு சேர்த்து நினைவில் வைத்து, மறுபடியும் அதே வகைப் பூவையே தேடிச் செல்கிறது.

உணவைக் கண்ட தேனீ அதைத் தனக்கென்று மறைத்து வைப்பதில்லை. கூட்டுக்குத் திரும்பி, வயிற்றுப் பையில் கொண்டுவந்த மதுவைத் தன் சகோதரிகளுக்கு வாயோடு வாயாகப் பகிர்கிறது. பின்னர் அடையின் மீது ஆடி, உணவு இருக்கும் திசையையும் தூரத்தையும் அறிவிக்கிறது. இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வொன் பிரிஷ் என்னும் விஞ்ஞானிக்கு 1973ஆம் ஆண்டு நோபல் பரிசு கிடைத்தது. அவருடைய மாணவர் மார்ட்டின் லிண்டவர் 1950களில் இலங்கைக்கே வந்து நமது தேனீக்களின் ஆட்டத்தை ஆராய்ந்தார். உணவு எவ்வளவு இனிப்பாக இருக்கிறதோ அவ்வளவு உற்சாகமாகத் தேனீ ஆடும். அந்த ஆட்டத்தைக் கண்டு ஏனையவை புறப்பட்டுச் செல்லும்.

இங்கே ஒரு விடயத்தை நன்கு கவனியுங்கள். தேனீயின் உணவு ஒழுங்கு முழுவதும் நம்பிக்கையின் மீது கட்டப்பட்டிருக்கிறது. வாசனை வருகிறதென்றால் பூ இருக்கிறது. இனிப்பு இருக்கிறதென்றால் அது உணவு. சகோதரி ஆடுகிறாள் என்றால் அங்கே நன்மை இருக்கிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகளாக இந்த மூன்று நம்பிக்கைகளும் பொய்த்ததில்லை. நமது காலத்தில்தான் அவை பொய்க்கத் தொடங்கியுள்ளன.

முதலாவது தடை: புகை

பூவின் வாசனை என்பது காற்றில் கலந்து வரும் நுண்ணிய இரசாயனப் பொருள்களின் கலவையாகும். வாகனப் புகையிலும் எரியும் குப்பையிலும் இருந்து எழும் வாயுக்கள் அந்தக் கலவையோடு மோதும்போது அது சிதைந்துவிடுகிறது. 2008ஆம் ஆண்டு அமெரிக்காவின் வேர்ஜீனியாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதனைக் கணக்கிட்டனர். தூய காற்றில் 1,000 முதல் 1,200 மீற்றர் வரை பயணம் செய்யக்கூடிய பூவின் வாசனை, மாசடைந்த நகரங்களின் காற்றில் 200 முதல் 300 மீற்றருக்குள் அழிந்துவிடும் என்பது அவர்களுடைய கணிப்பு.

2013ஆம் ஆண்டு இங்கிலாந்தின் சவுத்ஹம்டன் பல்கலைக்கழகத்தில் இன்னொரு சோதனை நடத்தப்பட்டது. கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு செடியின் பூ வாசனையில் உள்ள எட்டு இரசாயனப் பொருள்களை எடுத்து, டீசல் புகையோடு கலந்து பார்த்தார்கள். இரண்டு பொருள்கள் ஒரு நிமிடத்துக்குள் முற்றாக மறைந்துபோயின. அவ்விரண்டும் இல்லாத வாசனையைத் தேனீக்களுக்குக் காட்டியபோது, முன்னர் நன்கு பழகிய அந்த வாசனையை அவற்றுட் பல அடையாளம் காணவில்லை. தெரிந்த வீட்டின் முகவரியில் பாதி எழுத்துகள் அழிந்துவிட்டால் தபால்காரர் என்ன செய்வார்? தேனீயின் நிலையும் அதுதான்.

2022ஆம் ஆண்டு இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகம் வெளியிட்ட ஆய்வு திறந்த வயல்வெளியில் நடத்தப்பட்டது. கடுகுச் செடிகளைச் சுற்றி டீசல் புகையையும் ஓசோன் வாயுவையும் அளவோடு செலுத்திப் பார்த்தார்கள். பூக்களை நாடி வந்த பூச்சிகளின் தொகை 70 வீதம் வரையும், அவை பூக்களில் அமர்ந்த தடவைகள் 90 வீதம் வரையும் குறைந்தன. அவர்கள் செலுத்திய மாசின் அளவு, சட்டம் பாதுகாப்பானதெனக் கருதும் எல்லைக்குள்ளேயே இருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

இவை மேலைநாட்டுச் செய்திகள், நமது மலைத்தேனீக்கு என்ன நேரும் என்று நீங்கள் கேட்கலாம். அதற்கும் விடை கிடைத்திருக்கிறது. நமுனுகுலவின் பாறைகளில் தொங்குகின்ற அதே இன மலைத்தேனீ இந்தியாவின் பெங்களூர் நகரத்திலும் வாழ்கிறது. அங்குள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த கீதா திம்மேகவுடா குழுவினர் 1,800க்கும் மேற்பட்ட மலைத்தேனீக்களை ஆராய்ந்து, 2020ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டனர். காற்று மாசடைந்த இடங்களில் தேனீக்கள் பூக்களுக்கு வருவது குறைந்திருந்தது. அவற்றின் உடலில் நச்சு உலோகங்கள் கலந்த துகள்கள் ஒட்டியிருந்தன. இதயத் துடிப்பு ஒழுங்கு மாறியிருந்தது. இரத்தக் கலங்களின் எண்ணிக்கையும் வேறுபட்டிருந்தது. மாசு மிகுந்த இடங்களில் பிடிக்கப்பட்ட தேனீக்களில் 80 வீதத்துக்கும் அதிகமானவை 24 மணித்தியாலத்துக்குள் இறந்துவிட்டன.

நமுனுகுல பெங்களூர் அல்ல. நமது மலைக்காற்று எவ்வளவோ மேலானது. எனினும் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் வறண்ட காற்று வீசும் காலத்தில் பத்தனைப் புல்வெளிகளுக்குத் தீ வைப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வீட்டுக்குப் பின்னால் குப்பையோடு குப்பையாகப் பொலித்தீன் பைகளைக் கொளுத்துபவர்களும் இருக்கிறார்கள். பிளாஸ்டிக் உள்ளிட்ட குப்பைகளைத் திறந்த வெளியில் எரிப்பது 2017ஆம் ஆண்டிலேயே நமது நாட்டில் சட்டத்தால் தடுக்கப்பட்டதாகும். ஏற்றத்தில் கரும்புகை கக்கிச் செல்லும் வாகனத்தைத் திருத்தாமலே ஓட்டுவோர் பசறை வீதியிலும் உண்டு, பண்டாரவளை வீதியிலும் உண்டு. மலைத்தேனீ ஓரிடத்தில் தங்குவதுமில்லை. அது பருவத்துக்கேற்பத் தாழ்நிலத்துக்கும் மலைநாட்டுக்கும் இடையே இடம்பெயரும் உயிர். நிக்கோலஸ் கோனிகர், குட்ரூன் கோனிகர் என்னும் ஜேர்மனிய ஆய்வாளர் தம்பதியர் இலங்கையில் கண்ட அந்த இடப்பெயர்வைப் பற்றி 1980ஆம் ஆண்டில் எழுதியுள்ளனர். ஆகவே வழியில் எங்கே புகை எழுந்தாலும் அது அதன் பாதையில் விழுந்த தடையேயாகும்.

இரண்டாவது தடை: உணவில் கலந்த நஞ்சு

பயிரைத் தாக்கும் பூச்சியைக் கொல்லத் தெளிக்கும் மருந்து பூவின் மதுவிலும் மகரந்தத்திலும் சேர்கிறது. கசப்பான உணவை நாம் துப்பிவிடுவதுபோல, நஞ்சு கலந்த மதுவைத் தேனீ விலக்கிவிடும் என்றே பலரும் எண்ணியிருந்தனர். 2015ஆம் ஆண்டு இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அந்த எண்ணத்தைச் சோதித்துப் பார்த்தனர். நியோனிகோட்டினொயிட் எனப்படும் கிருமிநாசினி கலந்த சீனிப் பாகையும் தூய சீனிப் பாகையும் அருகருகே வைத்தார்கள். தேனீக்களுக்கு அந்த நஞ்சின் சுவை தெரியவில்லை. அதைவிடக் கொடுமை, அவ்வகை நஞ்சுகளில் இரண்டைப் பொறுத்தவரை, நஞ்சு கலந்த பாகையே அவை அதிகம் நாடின. புகையிலையின் நிக்கொட்டினைப் போல இந்த நஞ்சும் மூளையில் வேலை செய்வதே இதற்குக் காரணமாகலாம் என்று அவர்கள் விளக்கினர்.

பிள்ளைகளைப் பெற்றவர்களே, வாலிபர்களே! தன்னைக் கொல்வதையே நாக்கு விரும்புகிறது என்பது எத்தகைய ஆபத்து என்பதை விளக்க உங்களுக்கு வேறு உதாரணம் தேவையில்லை. நமது தெருக்களில் போதைப்பொருள் செய்துகொண்டிருப்பதும் இதுவே. வேறுபாடு ஒன்றுதான். மனிதனுக்கு எச்சரிக்க ஆள் உண்டு, சிந்திக்க அறிவு உண்டு. தேனீக்கு அந்த நஞ்சை ஊட்டியவர்கள் நாமே. அதனை எச்சரிக்க யாருமில்லை.

2018ஆம் ஆண்டு ஐரோப்பிய ஒன்றியம் இவ்வகை நஞ்சுகளுள் மூன்றைத் திறந்த வெளிப் பயிர்களுக்குப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. நமது நாட்டில் விவாதம் வேறொரு மருந்தைச் சுற்றியே நடந்தது. கிளைபோசேட் என்னும் களைநாசினி 2015ஆம் ஆண்டு தடைசெய்யப்பட்டு, 2018ஆம் ஆண்டு தேயிலைக்கும் இறப்பருக்கும் மாத்திரம் தடை தளர்த்தப்பட்டது. அந்த விவாதத்தில் மனிதரின் சிறுநீரகம் பேசப்பட்டது, தோட்டத்தின் விளைச்சல் பேசப்பட்டது. தேனீயைப் பற்றிப் பேசியவர்கள் மிகச் சிலரே. கிளைபோசேட் சிறிதளவு கலந்த உணவை உண்ட தேனீக்கள் கூட்டுக்குத் திரும்ப அதிக நேரம் எடுத்ததையும், நேர் வழியை விட்டுச் சுற்றிச் சுற்றிப் பறந்ததையும் ஆர்ஜென்டீன ஆய்வாளர்கள் 2015ஆம் ஆண்டில் எடுத்துக்காட்டினர்.

தோட்டப்புறத்தில் இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. ஓயாது கொழுந்து பறிக்கப்படும் தேயிலைச் செடி பூப்பது அரிது. கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை விரிந்திருந்தாலும், தேனீக்கு அது உணவில்லாத வெளியாகும். நிழல் மரமாக நிற்கும் கிரெவில்லியா, மலைச்சரிவில் நிற்கும் யூகலிப்டஸ், கான் ஓரத்திலும் பாதை ஓரத்திலும் தானாக முளைத்துப் பூக்கும் செடிகள் என்பவற்றிலேயே அது உயிர் வாழ்கிறது. நாம் களை என்று பெயரிட்டு ஒரு பூவும் மிஞ்சாமல் மருந்தடித்துக் கருக்கும் ஓரம்தான் அதன் உணவுத் தட்டு. வெலிமடையிலும் பண்டாரவளையிலும் மரக்கறி செய்யும் நமது விவசாயிகளும் இதனைச் சிந்திக்க வேண்டும். பூசணி, பாகல், பீர்க்கு, வெள்ளரி ஆகியவற்றில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குக் கொண்டுசெல்லப் பூச்சி வராவிட்டால் பிஞ்சு வெம்பி விழுந்துவிடும். காலையில் பூ விரிந்திருக்கும்போது அடிக்கும் மருந்து, நமக்குக் கூலியின்றி வேலை செய்ய வந்தவரை வாசலிலேயே கொல்வதற்குச் சமமாகும்.

மூன்றாவது தடை: பொய்யான இனிப்பு

முதல் இரு தடைகளையும் கேட்டு, இதில் நமக்கென்ன பங்கு, வாகனம் ஓட்டுபவரும் மருந்தடிப்பவரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று யாரேனும் எண்ணினால், அவருக்குரிய செய்தி இங்கே வருகிறது.

தமிழகத்தில் மதுரைத் தியாகராசர் கல்லூரியைச் சேர்ந்த சந்திரசேகரன் குழுவினர், கோப்பிக் கடைகளில் குடித்துவிட்டு வீசப்படும் கடதாசிக் கோப்பைகளை ஆராய்ந்தனர். கோப்பையின் அடியில் ஒட்டியிருக்கும் சீனியைத் தேடித் தேனீக்கள் வந்தன. வந்தவை அந்தக் கோப்பைகளுக்குள்ளேயே மடிந்தன. ஐந்து கடைகளில் 30 நாட்களில் இறந்து கிடந்த தேனீக்களை அவர்கள் எண்ணினார்கள். அந்தத் தொகை 25,211. ஒரு கடைக்கு ஒரு நாளைக்குச் சராசரியாக 168 தேனீக்கள்! பூக்களை நாடிச் சென்ற தேனீக்கள் கோப்பைகளை நாடப் பழகிவருகின்றன என்ற எச்சரிக்கையோடு 2011ஆம் ஆண்டு ‘கரன்ட் சயன்ஸ்’ என்னும் விஞ்ஞான இதழில் இது வெளிவந்தது.

இது எவ்வாறு நிகழ்கிறது? முன்னர் கூறிய ஆட்டத்தை நினைவுகூருங்கள். பூவின் மது பல வேளைகளில் நீர்த்திருக்கும். அதனைச் சேகரிக்க ஒரு பயணத்தில் பத்துக் கணக்கான பூக்களைத் தொட வேண்டும். கோப்பையின் அடியிலோ கெட்டியான சீனி ஒரே இடத்தில் கிடைக்கிறது. அதைச் சுவைத்த தேனீ மிகுந்த உற்சாகத்தோடு ஆடுகிறது. அந்த ஆட்டத்தை நம்பி ஏனையவை வருகின்றன. ஒன்றைக் கவர்ந்த பொய் முழுக் கூட்டத்தையும் இழுத்துவருகிறது. சீனியில் மகரந்தமில்லை. மகரந்தமின்றிக் குஞ்சுகளை வளர்க்க முடியாது. பூவும் தேனீயின்றிக் காய்க்காமல் நின்றுவிடுகிறது.

2012ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் ரிபோவில் என்ற ஊரில் தேன் அடைகளைத் திறந்தவர்கள் திகைத்துப்போனார்கள். தேன் நீல நிறத்திலும் பச்சை நிறத்திலும் இருந்தது. தேடிப் பார்த்தபோது, அருகிலிருந்த நிலையமொன்றில் எரிவாயு தயாரிப்பதற்காகக் கொண்டுவந்து திறந்தபடி வைத்திருந்த வண்ண மிட்டாய்க் கழிவையே தேனீக்கள் உண்டு வந்தன என்பது தெரியவந்தது. அந்தத் தேனை விற்க முடியவில்லை. பல நிறங்களில் வரும் ஒரு பானத்தை மனிதனுக்கு நிவாரணமாக இறைவன் ஆக்கினான். நாம் அதற்குச் சாயம் பூசினோம்.

சகோதர சகோதரிகளே! இப்போது நமது பள்ளிவாசல் முற்றத்துக்கு வருவோம். ரமழானில் இப்தார் முடிந்து மஃரிபுக்கு அணிவகுக்கும்போது, சர்பத்தும் பலூடாவும் குடித்த கோப்பைகள் எங்கே கிடக்கின்றன? வலீமா விருந்து முடிந்த மறுநாட் காலையில் மண்டபத்தின் பின்புறத்தைப் பார்த்திருக்கிறீர்களா? மீலாத் மேடைக்கருகே, விளையாட்டுப் போட்டி நடந்த மைதானத்தில், பதுளை பஸ் நிலையத்தின் ஓரத்தில் என்ன கிடக்கிறது? அந்தக் கோப்பைகளைச் சுற்றி ரீங்காரம் கேட்டால் கையை வீசி விரட்டுகிறோம். அழைப்பிதழ் அனுப்பியவர்கள் நாமே என்பதை மறந்துவிடுகிறோம்.

பாதையில் கிடக்கும் தொல்லை தரும் பொருளை அகற்றுவதை ஈமானின் கிளைகளுள் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எண்ணியதைச் சிறுவயதிலேயே மத்ரஸாவில் நாம் படித்தோம். முள்ளையும் கல்லையும் எடுத்தெறிவதோடு அந்தப் பாடத்தை முடித்துக்கொண்டோம். பாதை என்பது மனிதனுக்கு மாத்திரம் உரியதா? இறைவனே பாதை வகுத்துக் கொடுத்ததாக மறை கூறும் ஓர் உயிரின் வழியில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது அந்தப் பாடத்துக்கு வெளியே நிற்குமா? நீங்களே சிந்தித்துப் பாருங்கள்.

அச்சமும் நியாயமும்

இவ்விடத்தில் தோட்டத்தில் வாழும் ஒரு தாய் நியாயமான கேள்வி ஒன்றைக் கேட்கக்கூடும். கொழுந்து பறிக்கும்போது கலைந்து வந்து கொட்டுகிறதே, அதனால் வைத்தியசாலைக்குச் சென்றவர்கள் எத்தனை பேர், உயிரிழந்தவர்கள் எத்தனை பேர், அதற்காக நாம் இரக்கப்பட வேண்டுமா என்பது அவருடைய கேள்வி. அந்த வேதனையை யாரும் சிறிதாக எண்ணக் கூடாது. தோட்டப்புறத்தில் குளவி என்ற ஒரே சொல்லால் உண்மைக் குளவியையும் மலைத்தேனீயையும் அழைக்கிறோம். இரண்டும் கூடு கலைந்தால் ஆபத்தானவையே.

ஆயினும் கூடு எதனால் கலைகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிறுவர் எறியும் கல், தேனுக்காக ஏற்றும் தீப்பந்தம், கீழே எரியும் குப்பையின் புகை ஆகியவற்றால் கலையும் கூடுகள் உண்டு. கலைத்தவன் ஓடிவிடுகிறான். ஒன்றும் அறியாத தொழிலாளியின் மீது அதன் சீற்றம் இறங்குகிறது. கூடு இருக்கும் மலைக்கு அருகே கொழுந்து பறிக்க ஆட்களை அனுப்புமுன் அவ்விடத்தைப் பார்த்துத் தவிர்ப்பது தோட்ட நிர்வாகத்தின் கடமை. கூட்டைக் கண்டவர் உடனே அறிவிப்பது நமது கடமை. கலைந்துவிட்டால் கைகளை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு, விரைந்து ஒரு கட்டடத்துக்குள் சென்றுவிட வேண்டும். பல தடவை கொட்டுப்பட்டவரையும், மூச்சுத் திணறுபவரையும் தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். மனித உயிரைக் காப்பதும் தேனீயைக் காப்பதும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல. கூட்டை அதன் இடத்தில் நிம்மதியாக விட்டுவைத்தால் இரண்டும் நிறைவேறும்.

நமது கையில் உள்ளவை

பெரிய நகரங்களின் காற்றை நம்மால் ஒரே நாளில் தூய்மையாக்க முடியாது. ஆனால் நமது முற்றம் நமது கையில் இருக்கிறது.

பள்ளிவாசல் நிர்வாகிகளே! வரும் ரமழானில் இப்தார் இடத்தில் மூடியுள்ள தொட்டி ஒன்றை வையுங்கள். கழுவிப் பயன்படுத்தும் குவளைகளை வாங்க முடியுமானால் அது அதனிலும் மேலானது. ஒரு தடவை செலவு, பல ரமழான்களுக்குப் பயன். கடதாசிக் கோப்பையைத் தவிர்க்க முடியாத இடத்தில், குடித்து முடித்ததும் சிறிது நீரூற்றி அலசிக் கவிழ்த்துப் போடும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள்.

தோட்டமும் மரக்கறிச் சேனையும் வைத்திருப்பவர்களே! மருந்தடித்தே ஆக வேண்டுமென்றால் பூக்களில் தேனீ இல்லாத மாலை வேளையில் அடியுங்கள். பூத்திருக்கும் செடியின் மேல் தெளிக்காதீர்கள். தெளிகருவியை ஓடையில் கழுவாதீர்கள், ஏனெனில் தேனீயும் அங்கேதான் நீர் அருந்துகிறது. பாதை ஓரத்திலும் வேலி ஓரத்திலும் ஒரு முழம் அகலத்துக்காவது பூக்கும் செடிகளை விட்டுவையுங்கள்.

வாலிபர்களே! பத்தனையில் தீ வைப்பவரைக் கண்டால் தடுத்துச் சொல்லுங்கள். வீட்டில் பொலித்தீன் எரிவதைக் கண்டால் வாப்பாவிடமும் உம்மாவிடமும் பணிவோடு எடுத்துரையுங்கள். தொழில் தேடி நகரங்களுக்குச் செல்ல எண்ணுபவர்களுள் ஒரு சிலராவது பிந்துனுவெவக்குச் சென்று பெட்டியில் தேனீ வளர்க்கும் முறையைக் கேட்டறியுங்கள். தேனீ வளர்ப்பவன் மற்றவர்களைவிடக் காற்றையும் பூவையும் கூர்ந்து கவனிப்பான். அத்தகைய பத்துப் பேர் ஓர் ஊரில் இருந்தால், அந்த ஊரில் கண்டபடி மருந்தடிப்பதும் குப்பை கொளுத்துவதும் தாமாகவே குறையும்.

பெற்றோர்களே! பிள்ளைக்கு இருமல் வந்தால் தேன் வாங்குகிறோம். அந்தத் தேன் கலப்படமற்றதா என்று கடைக்காரரிடம் பல தடவை கேட்கிறோம். அதே அக்கறையோடு, அந்தத் தேன் எந்தக் காற்றில் பறந்து, எந்தப் பூவில் அமர்ந்து வந்தது என்பதையும் ஒரு தடவை பிள்ளைக்குச் சொல்லிக்கொடுங்கள்.

முஃமினைத் தேனீக்கு ஒப்பிடும் நபிமொழியொன்று முஸ்னத் அஹ்மதில் பதிவாகியுள்ளது. தூய்மையானதை உண்ணல், தூய்மையானதைத் தருதல், அமர்ந்த கொப்பை முறிக்காதிருத்தல் என்னும் பண்புகள் அதில் நினைவூட்டப்படுகின்றன. தூய்மையானதை உண்ணும் தேனீக்குத் தூய்மையான உணவு எஞ்சியிருக்க வேண்டுமே! அதனை எஞ்ச வைக்கும் பொறுப்பு, பூமியில் அமானிதம் சுமந்தவனாகிய மனிதனுக்கே உரியது. தேனீ தன் பாதையை விட்டு விலகவில்லை. புகையால் மறைத்தும், நஞ்சால் குழப்பியும், சீனியால் ஏமாற்றியும் அதன் பாதையைக் கெடுத்தது நமது கைகளே. அந்தக் கைகளாலேயே அதனைச் சீராக்கவும் முடியும்.

எல்லாம் வல்ல அல்லாஹ், தன் படைப்புகள் ஒவ்வொன்றினதும் உரிமையை அறிந்து நடக்கும் நல்லடியார்களாக நம்மையும் நமது பிள்ளைகளையும் ஆக்குவானாக. நமது மலைகளையும் மரங்களையும் காற்றையும் நீரையும் தூய்மையாக வைத்திருக்கும் ஆற்றலையும் எண்ணத்தையும் நமக்குத் தருவானாக. ஆமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மதுல்லாஹி வபரகாத்துஹு.